கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்: மிக்ஸர் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி ஆண்டு விழா, கோயில் மண்டபத்துச் சொற்பொழிவு, சமுதாயக் கூடத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி. ஏதோ ஒன்றில் "மிக்ஸரை நீ பார்த்துக்கொள்" என்று உங்களை உட்கார வைத்துவிட்டார்கள். மைக், கீபோர்டு, போன் எல்லாவற்றின் ஒலியையும் கலந்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பலகைதான் மிக்ஸர். எதிரே நூறு குமிழ்கள். மலைக்க வேண்டாம். ஒரு மைக்குக்கோ வாத்தியத்துக்கோ உரிய குமிழ் வரிசைக்குச் சேனல் என்று பெயர். இடது ஓரத்துச் சேனலில் மேலிருந்து கீழாக என்ன இருக்கிறதோ, அதேதான் அடுத்த சேனலிலும் அதற்கடுத்ததிலும் இருக்கிறது. ஒரு சேனலைக் கற்றால் பன்னிரண்டையும் கற்றது மாதிரிதான்.

நான் மைக்செட் கடையில் வேலை பழகிய நாட்களில் கடைக்கார அண்ணன் ஏரிப் பாசனத்தை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார். "மதகுல வர்ற தண்ணிய மொதல்ல சரி பண்ணு தம்பி, அப்புறம் மடையத் தொற." சேனலின் உச்சியில் இருக்கும் கெயின் குமிழ்தான் மதகு. அடியில் மேலும் கீழும் நகர்கிற ஃபேடர் மடை. மதகில் தண்ணீர் குறைவாக வந்தால் எல்லா மடையையும் திறந்து வைத்தாலும் பயனில்லை. அளவுக்கு மீறி வந்தால் கரை உடையும். கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிதான் நமக்குக் கடைமடை. அவருக்குப் பேச்சு புரிந்தால் நம் வேலை நடந்திருக்கிறது.

இங்கே நான் சொல்வது 8 முதல் 16 சேனல் வரை உள்ள அனலாக் மிக்ஸருக்கு. யமஹா, சவுண்ட்கிராஃப்ட், பெஹ்ரிங்கர், ஆஹுஜா எதுவானாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். டிஜிட்டல் மிக்ஸரில் குமிழ்கள் திரைக்குள் போய்விடும், வரிசை மாறாது.

மேசையை எங்கே போடுவது

பெரும்பாலான மண்டபங்களில் மிக்ஸரை மேடையின் பக்கவாட்டில், ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். அங்கே உட்கார்ந்தால் சபைக்கு என்ன கேட்கிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. முடிந்தால் ஆட்களுக்கு நடுவே, நடைபாதை ஓரமாக, கூடத்தின் பாதி நீளத்தைத் தாண்டி வையுங்கள். முடியாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கடைசி வரிசை வரை நடந்துவிட்டு வாருங்கள். காலி மண்டபத்தில் சரிபார்த்த ஒலி கூட்டம் நிறைந்ததும் மாறிவிடும். மனித உடலும் பட்டுச் சேலையும் வேட்டியும் எதிரொலியை, அதிலும் கீச்சு ஒலிகளை, உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நிகழ்ச்சி தொடங்கிய முதல் பத்து நிமிடம் மறுபடி காதைக் கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

வயர் மாட்டும்போது

மைக்குக்கு மூன்று முள் உள்ள எக்ஸ்எல்ஆர். பழைய ஆட்கள் அதைக் கேனன் என்பார்கள், முதலில் அதைச் செய்து விற்றது கேனன் என்ற அமெரிக்க நிறுவனம் என்பதால். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் அளவே உள்ள நலிந்த மின்சாரம். அது 30 மீட்டர் வயரில் ஓடியும் இரைச்சல் ஏறாமல் வருவதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் முள்ளில் போகிற ஒலியே மூன்றாம் முள்ளில் தலைகீழாகப் போகிறது. வழியில் புகும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், பொதுவாக ஏறிய இரைச்சல் அடிபட்டுப் போகும், குரல் நிற்கும்.

இந்த வித்தியாசக் கணக்கு தெரியாததால் ஆண்டு விழாக்களில் ஒரு தொல்லை திரும்பத் திரும்ப வருகிறது. நடனத்துக்குச் செல்போனில் பாட்டுப் போடுவார்கள். போனிலிருந்து வரும் ஸ்டீரியோ பின்னைப் பெரிய ஸ்டீரியோ ஜாக்காக மாற்றி, ஒரே மோனோ சேனலில் செருகுவார்கள். இசை கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும் அல்லது காணாமலே போகும். வயர் பழுது என்று நினைத்து மாற்றிப் பார்ப்பார்கள், மாறாது. நடந்தது இதுதான்: பாட்டில் பாடகரின் குரல் இடம் வலம் இரண்டிலும் சமமாக இருக்கிறது. மிக்ஸர் வித்தியாசத்தை எடுக்கும்போது அந்தச் சமமான குரலும் இரைச்சலைப் போலவே கழிக்கப்பட்டுவிடுகிறது. ஒரு பக்கம் சின்ன ஸ்டீரியோ பின், மறுபக்கம் இரண்டு தனித்தனி மோனோ ஜாக் உள்ள வயரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை மிக்ஸரின் ஸ்டீரியோ சேனலில் இடது வலமாகச் செருகுங்கள். மேடையில் குழந்தைகள் ஆடத் தயாராக நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்கத் திணறியவன் நான். அன்றிலிருந்து அந்த வயர் இல்லாமல் வீட்டை விட்டுப் புறப்படுவதில்லை.

கீபோர்டு மேடையில் இருந்து மிக்ஸர் தூரத்தில் இருந்தால் சாதாரண ஜாக் வயரை நீட்டாதீர்கள். நடுவே ஒரு டிஐ பாக்ஸ் வையுங்கள், ஜாக்கில் வரும் ஒலியை மைக் வயரில் போகும் இரட்டைக் கம்பி ஒலியாக மாற்றும் சின்னப் பெட்டி அது.

ஒவ்வொரு சேனலுக்கும் கீழே வெள்ளை டேப் ஒட்டி, எந்த மைக் எது என்று எழுதிவிடுங்கள். "தலைவர்", "பாட்டு 1", "மிருதங்கம் வலது", "போன்". பதற்றத்தில் கை தேடுவது அந்த எழுத்தைத்தான்.

மின்சாரம் கொடுக்கும் வரிசை

முதலில் எல்லா ஃபேடரும் அடியில், எல்லாக் கெயினும் இடது ஓரத்தில். பிறகு மேடைச் சாதனங்கள், அடுத்து மிக்ஸர், கடைசியாக ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது இதற்குத் தலைகீழ்: ஆம்ப் முதலில், மிக்ஸர் அப்புறம். இது சடங்கு இல்லை. மிக்ஸரை ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் "டப்" என்று ஓர் அதிர்வு வெளியே போகும். அந்த நேரம் ஆம்ப் விழித்திருந்தால் அந்த அடி நேராக ஸ்பீக்கர் காயிலில் விழும்.

மிக்ஸரும் ஆம்ப்பும் முடிந்தவரை ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். இரண்டு வெவ்வேறு மூலையிலிருந்து எடுத்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வேறுபாடு வந்து, ஒலி வயர் வழியாகச் சுற்றி, 'ம்ம்ம்' என்ற ஹம் கிளம்பும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ஹம்மும் 50, 100 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். இந்த ஹம்மை நிறுத்த எர்த் முள்ளை வெட்டிவிடுகிற வழக்கம் பல ஊரில் இருக்கிறது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள், செய்தவர்களையும் தடுத்துவிடுங்கள். சாதனத்தில் எங்காவது கசிவு வந்தால், மைக்கைப் பிடித்திருப்பவர் உதட்டில் 230 வோல்ட் நிற்கும். ஹம்மை டிஐ பாக்ஸில் உள்ள எர்த் லிஃப்ட் பொத்தானாலோ, ஒலிக்கான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மராலோ நிறுத்தலாம். அவை எர்த்தை ஒலி வயரில்தான் பிரிக்கின்றன, மின்சார வயரில் தொடுவதில்லை.

லேப்டாப்பில் பாட்டுப் போடும்போது 'கிர்ர்' என்று கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான்.

கெயின்: மதகைச் சரி செய்தல்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மற்றதெல்லாம் இதன்மேல் நிற்கிறது.

பேசப்போகிறவரை மைக் முன் நிறுத்துங்கள். அவருடைய சேனலில் பிஎஃப்எல் என்று எழுதிய பொத்தானை அழுத்துங்கள். ஃபேடர் அடியில் இருந்தாலும் அந்தச் சேனல் மட்டும் உங்கள் ஹெட்ஃபோனில் கேட்கும், மீட்டரிலும் தெரியும். "மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ" என்று முணுமுணுக்கச் சொல்லாதீர்கள். மேடையில் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசச் சொல்லுங்கள், பாடுகிறவரை மேல் ஸ்தாயியில் ஒரு வரி பாடச் சொல்லுங்கள். கெயினை மெல்லத் திருகுங்கள். மீட்டர் முள்ளோ விளக்கோ பெரும்பாலும் 0 பக்கத்தில் ஆடட்டும், உச்சத்தில் அதற்குச் சற்று மேலே போகட்டும். பீக் என்ற சிவப்பு விளக்கு எரியவே கூடாது. எரிந்தால் கெயினைக் கொஞ்சம் இறக்குங்கள். மேடை சூடேறியதும் எல்லோரும் ஒத்திகையைவிட உரக்கப் பேசுவார்கள், அதற்கும் இடம் விட்டு வையுங்கள்.

இப்போது பிஎஃப்எல்லை எடுத்துவிட்டு, மெயின் ஃபேடரை 0 குறிக்கு ஏற்றி, சேனல் ஃபேடரை மெல்ல 0 நோக்கிக் கொண்டு போங்கள். கூடத்துக்கு ஒலி அதிகமென்றால் ஆம்ப்பின் குமிழைக் குறையுங்கள். ஃபேடர்கள் 0 பக்கத்தில் இருப்பது அழகுக்காக இல்லை. அந்தக் குறியைச் சுற்றி ஃபேடரின் அளவுக்கோடுகள் அகலமாக இருக்கின்றன, ஒரு விரல் நகர்த்தினால் சிறிதளவே மாறும். அடியிலோ அதே விரல் நகர்வில் ஒலி பல மடங்கு தாவும். அடியில் வைத்து மிக்ஸ் செய்பவர் இரவு முழுக்க ஒலியோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பார்.

கெயினை வைத்தபின் நிகழ்ச்சியின் நடுவே தொடாதீர்கள். அதைத் திருகினால் அந்தச் சேனலிலிருந்து மானிட்டருக்கு, அதாவது மேடையில் இருப்பவர் கேட்பதற்கான பாக்ஸுக்கு, போகும் ஒலியும் சேர்ந்து மாறிவிடும், மேடையில் பாடுகிறவர் தடுமாறிப்போவார்.

கண்டென்ஸர் மைக் (தான் இயங்கவே மின்சாரம் கேட்கும் வகை) இருந்தால், மிக்ஸர் மைக் வயர் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் வேண்டும். சிறிய மிக்ஸர்களில் ஒரே பொத்தான் எல்லா எக்ஸ்எல்ஆர் சேனல்களுக்கும் அதைக் கொடுத்துவிடும். ஷூர் எஸ்எம்58 போன்ற சாதாரண டைனமிக் மைக்குக்குச் சரியான வயர் இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பாண்டத்தை ஆன் செய்யும்போதும், அது ஓடும்போது மைக்கைச் செருகிக் கழற்றும்போதும் ஃபேடர் அடியில் இருக்க வேண்டும். பழைய ரிப்பன் மைக், எக்ஸ்எல்ஆர் வழியாக மாட்டிய லேப்டாப் இவை இருந்தால் அதை ஆன் செய்யவே வேண்டாம்.

ஈக்யூ, ஆக்ஸ்

ஈக்யூ என்பது கனத்த ஒலி, நடு ஒலி, கீச்சு ஒலி இவற்றைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் குமிழ்கள். எல்லாவற்றையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். பேச்சு, பாட்டுச் சேனல்களில் லோ கட் பொத்தானை அழுத்திவிடுங்கள். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மேடை அதிர்வு, மூச்சின் 'புஃப்', காற்றாடிச் சத்தம் எல்லாம் ஒரே அழுத்தில் குறையும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து மைக்கில் மட்டும் அதை அழுத்தாதீர்கள், ரவை பூசிய அந்தத் தோலின் கும்காரமே அங்கேதான் இருக்கிறது. குரல் குடத்துக்குள் பேசுவது போல இருந்தால் 300 ஹெர்ட்ஸ் சுற்றிலும் கொஞ்சம் குறையுங்கள். வார்த்தை தெளியவில்லை என்றால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சிறிது ஏற்றலாம். கூட்டுவதைவிடக் குறைப்பது நல்லது என்பது என் அனுபவம், கூட்டிய ஒவ்வொரு இடமும் ஊளைக்கு ஒரு கதவு.

ஆக்ஸ் என்பது கிளை வாய்க்கால். மேடையில் இருப்பவருக்கு மானிட்டர் பாக்ஸில் என்ன கேட்க வேண்டுமோ அதை ஆக்ஸ் 1 வழியாக அனுப்புவோம். அது ப்ரீ நிலையில், அதாவது ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கும் நிலையில், இருக்கட்டும், நீங்கள் சபைக்காக ஃபேடரை அசைத்தாலும் மேடைக்குப் போவது மாறாது. எக்கோ போன்ற எஃபெக்டுக்குப் போகும் ஆக்ஸ், ஃபேடருக்குப் பின் ஒலியை எடுக்கும் போஸ்ட் நிலையில் இருக்கட்டும். எக்கோ விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பாட்டுக்குக் கொஞ்சம் போதும், பேச்சுக்கு அறவே வேண்டாம். பாட்டு முடிந்து பாடகர் பேசத் தொடங்கியதும் எஃபெக்டை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் ஒவ்வொரு வார்த்தையின் வாலும் அடுத்த வார்த்தையின் தலையில் விழுந்து, கடைசி வரிசைக்கு ஒன்றுமே புரியாது.

கச்சேரியென்றால் மைக் எதையும் திறக்கும் முன் மேடையருகே போய் வாத்தியங்களை வெறுமனே கேளுங்கள். அந்த வயலின், அந்த மிருதங்கம் இயல்பில் எப்படி ஒலிக்கிறதோ அதைப் பெரிதாக்குவதே நம் வேலை. நாகஸ்வரமும் தவிலும் சின்ன மண்டபத்துக்கு மைக்கே கேட்காதவை. பெரிய இடமென்றால் மைக்கை நாகஸ்வரத்தின் கீழ் நுனியில் விரிந்திருக்கும் அணசுக்குள் திணிக்காமல் இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது.

மைக் கூவினால்

பாக்ஸில் வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய், பெருகி, திரும்ப வருவதுதான் கூவல். ஃபேடரை இறக்கினால் நின்றுவிடும், ஆனால் பேச்சும் அடங்கிவிடும். முதலில் இடத்தைப் பாருங்கள். பாக்ஸ் மைக்குக்கு முன்னால், சபையை நோக்கி இருக்கிறதா? மானிட்டர் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கிறதா? பேசுகிறவர் மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்திருக்கிறாரா? பொத்தினால் அந்த மைக் முன்பக்கத்தை மட்டும் கேட்கும் குணத்தை இழந்து எல்லாப் பக்கமும் கேட்கும், கூவும். கீழே பிடிக்கச் சொல்லுங்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும். அதை எந்தக் குமிழும் கொடுக்காது. அதேபோல, திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் கூவலுக்கு முன் உள்ள இடைவெளி 3 டெசிபல் குறைகிறது. பட்டிமன்ற மேடையில் எட்டு மைக் இருந்தால், பேசாதவர்களின் ஏழு மைக்கையும் மூடி வையுங்கள்.

இதற்குப் பின்னும் கூவினால் ஈக்யூவில் அந்த இடத்தைக் குறைக்க வேண்டும். எந்த இடம் என்பதை நம் உயிரெழுத்துகளை வைத்தே பிடிக்கலாம். கூவல் 'ஊ' போல இருந்தால் 250 ஹெர்ட்ஸ் பக்கம். 'ஓ' என்றால் 500. 'ஆ' என்றால் 1000. 'ஏ' என்றால் 2000. 'ஈ' என்று கீச்சிட்டால் 4000. துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் ஒலியை 31 பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஃபேடர் வைத்த கிராஃபிக் ஈக்யூவில் விரலை எங்கே கொண்டுபோவது என்று சொல்லிவிடும். வீட்டில் கொஞ்ச நாள் இதைப் பழகுங்கள், மேடையில் கை தானாகப் போகும்.

திறந்தவெளி நிகழ்ச்சியென்றால் ஒன்று நினைவிருக்கட்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. பக்கத்து வீட்டில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம். பாக்ஸைச் சபையை நோக்கிச் சற்றுக் கீழ்முகமாகத் திருப்பினால் இருவருக்கும் நல்லது.

பராமரிப்பு

மிக்ஸரைக் கெடுப்பவை மூன்று: தூசி, ஈரம், மேலே வைத்த டீ டம்ளர். டம்ளருக்கு மேசையிலேயே இடம் கொடுக்காதீர்கள். கோயில் நிகழ்ச்சிகளில் சாம்பிராணிப் புகையும் விபூதியும் காற்றில் இருக்கும். அவை ஃபேடரின் நீண்ட பிளவு வழியாக இறங்கிப் படியும். வேலை முடிந்த உடனே துணிப் போர்வை போடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், சூடான மிக்ஸரை மூடினால் உள்ளே வியர்க்கும். மாதம் ஒருமுறை மென்மையான பெயின்ட் பிரஷால் குமிழ்களுக்கிடையே தட்டிவிட்டு, இலேசாக ஈரம் தொட்ட துணியால் துடைத்தால் போதும். தின்னரோ பெட்ரோலோ பட்டால் அச்சிட்ட எழுத்தே அழிந்துவிடும்.

ஃபேடரை நகர்த்தும்போது 'கரகர' என்றால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, அடிமுதல் நுனிவரை முப்பது நாற்பது தடவை இழுத்துவிடுங்கள். பாதிக் கரகரப்பு இதிலேயே போகும். போகாவிட்டால் ஃபேடருக்கென்றே விற்கும், வழவழப்பும் சேர்ந்த ஸ்ப்ரேயைத் துளியளவு பயன்படுத்துங்கள். துரு நீக்கும் சாதாரண ஸ்ப்ரேயை அடித்தால் உள்ளே இருக்கும் பசை கரைந்து, இரண்டு நாள் நன்றாக ஓடி, அப்புறம் முன்னைவிட மோசமாகும்.

ஒரு சேனல் திடீரென்று மெலிந்து ஒலிக்கிறது, தட்டினால் சரியாகிறது என்றால், சேனல் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பின்னாலோ மேலேயோ இன்சர்ட் என்ற ஜாக் துளை இருக்கும். அதில் எதுவும் செருகாதபோது ஒலி உள்ளிருக்கும் ஒரு தகட்டுச் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. பல மாதம் சும்மா கிடந்த அந்தத் தகட்டில் களிம்பு ஏறிவிடும், கடற்கரை ஊர்களில் சீக்கிரமே. சுத்தமான ஒரு ஜாக்கை அதில் பத்துத் தடவை செருகி எடுங்கள். பழுது பார்க்கக் கொடுக்கவிருந்த எத்தனையோ மிக்ஸர்கள் என் கண்முன் இப்படியே பிழைத்திருக்கின்றன.

வயர்களை முழங்கையில் சுற்றி முறுக்காதீர்கள், உள்கம்பி முறிந்துவிடும். ஒரு வளையம் இயல்பாக, அடுத்த வளையம் உள்மடிப்பாக, மாற்றி மாற்றிப் போட்டால் அடுத்த முறை எறிந்ததும் சிக்கலின்றி விரியும். கார்ட்லெஸ் மைக் பேட்டரியை அன்றே கழற்றுங்கள், மறந்தால் கசிந்து உள்ளே பச்சை பூக்கும்.

மழைக்காலத்தில் நிகழ்ச்சி இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை மிக்ஸரை அரைமணி நேரம் ஓட விடுங்கள், உள்ளிருக்கும் சூடு ஈரத்தை விரட்டும். ஓட விடும் முன் காற்றுத் துளைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பான இடம் தேடி வரும் பல்லியும் கரப்பானும் பவர் சப்ளை போர்டின் மேல்தான் போய்ப் படுக்கும். உள்ளே ஏதாவது தெரிந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பவர் சப்ளை கப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் நின்றிருக்கும், நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம்.